லயத்துக்கு எதிரே 16 பம்ப்: 21 நாளுக்குள் என்ன எழுதுவது?

மூலைவீடு | வியாழன், இரவு 10.12

போன வாரம் கேட்டில் ஒரு பதிவுத் தபால் சீட்டு ஒட்டியிருந்தது. வேக சம்மன் என்று நினைத்து இரண்டு நாள் போஸ் ஆபிஸ் பக்கமே போகவில்லை. இன்று போய் வாங்கினால் மஜ்லிஸ் (உள்ளாட்சி மன்றம்) அனுப்பிய கடிதம். நம் கடைசி வரிசைக்குப் பின்னால், பழைய தோட்ட ஆபிஸ் இருந்த மேடு இருக்கிறதே, அந்த லாட்டில் எண்ணெய் நிலையம் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறதாம். ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் நான்கு நாள் ஏற்கெனவே போய்விட்டது, என் சோம்பலால்.

சின்ன ஸ்டேஷன் இல்லை. 16 பம்ப், லோரிக்குத் தனி டீசல் பாதை, 24 மணி நேரக் கடை, காரில் இருந்தபடியே வாங்கும் சாப்பாட்டுக் கடை, கார் கழுவும் இடம். பிளான் நகலில் அளந்து பார்த்தேன். என் சமையலறை ஜன்னலிலிருந்து கார் கழுவும் இடம் 31 மீட்டர்.

மனுவில் கையெழுத்து வாங்கலாம் என்றிருக்கிறேன். என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கெடாவில் நம் பக்கம் வேறு எந்தத் தாமானிலாவது (வீடமைப்புப் பகுதியிலாவது) இப்படி வந்து தடுத்திருக்கிறார்களா?

கோப்பி_ஓ | வியாழன், இரவு 10.40

அண்ணே, உங்களுக்குக் கசக்கிறது எனக்கு இனிக்கிறதே. இந்த ஊரில் எண்ணெய் ஊற்ற 11 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்த பிறகு மைகார்டை (அடையாள அட்டையை)த் தூக்கிக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குப் பால்மாவு தீர்ந்தால் எந்தக் கடை திறந்திருக்கிறது? வரட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

லயத்துப்பிள்ளை | வியாழன், இரவு 11.05

ஒரு சந்தேகம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், மொத்தம் 14 வீடு. மூலைவீட்டு அண்ணன் 31 மீட்டர் என்கிறார். எங்கள் முதல் வீட்டு அடுப்படியிலிருந்து அந்த மேட்டுக்கு அவ்வளவுகூட இருக்காது. எங்கள் யாருக்கும் கடிதம் வரவில்லையே, ஏன்?

பிளான்_ஆபிஸ் | வெள்ளி, காலை 7.50

வரைபட அலுவலகத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976. ஆபிஸில் நாங்கள் அக்தா 172 என்போம். அதன் 21(6)-ஆவது பிரிவுப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு மஜ்லிஸ் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடிதம் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள். பக்கத்து நிலம் எது என்பதையும் சட்டமே சொல்கிறது: ஒட்டியிருக்கும் நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேல் போகாத சாலை, சந்து, கால்வாய் மட்டும் நடுவில் இருக்கும் நிலம். முட்டுச்சந்தாக இருந்தால் 200 மீட்டர் வரை கணக்கு என்று இன்னொரு விதியும் உண்டு. அது இங்கே பொருந்தாது.

லயத்துத் தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'உரிமையாளர்' என்ற சொல்லைப் பாருங்கள். கால்வாய் ஆறு மீட்டர்கூட அகலமில்லை. ஆக லயம் இருக்கும் நிலம் பக்கத்து நிலம்தான். ஆனால் கிராண்ட், அதாவது நிலப் பட்டா, யார் பெயரில் இருக்கிறது? தோட்டக் கம்பெனி பெயரில். கடிதம் கோலாலம்பூரில் இருக்கும் அவர்களுடைய ஆபிஸுக்குப் போயிருக்கும்.

லயத்துப்பிள்ளை | வெள்ளி, காலை 8.02

அந்த மேட்டை விற்றதே அதே கம்பெனிதானே!

பிளான்_ஆபிஸ் | வெள்ளி, காலை 8.10

ஆமாம். அவர்கள் ஆட்சேபம் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது_வரிசை | வெள்ளி, மதியம் 1.15

எனக்குப் பயம் ஒன்றுதான். புத்ரா ஹைட்ஸில் நடந்ததைப் பார்த்தோம் இல்லையா, பெருநாள் இரண்டாம் நாள் காலையில்? அந்தத் தீயை டிவியில் பார்த்துவிட்டு என் மாமியார் ஒரு வாரம் அடுப்பைத் தொடவில்லை. இங்கே அப்படி ஒன்று வெடித்தால் நாங்கள் ஓடுவதற்கு ஒரே ஒரு பாதைதான் இருக்கிறது. மனுவில் முதல் காரணமாக இதைத்தான் போட வேண்டும்.

முன்னாள்_பம்ப் | வெள்ளி, மாலை 6.30

அக்கா, புத்ரா ஹைட்ஸில் 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி எரிந்தது பூமிக்கடியில் போகும் எரிவாயுக் குழாய். பெட்ரோல் நிலையத்துத் தொட்டியில் அந்த அழுத்தம் கிடையாது. மனுவில் முதல் காரணமாக அதைப் போட்டால், விண்ணப்பதாரரின் இன்ஜினியர் ஐந்தே நிமிடத்தில் உங்களை மடக்கி உட்கார வைத்துவிடுவார். மிச்சம் இருக்கும் நல்ல காரணங்களும் அதோடு போய்விடும்.

நான் ஒன்பது வருடம் ஒரு நிலையத்தில் வேலை செய்தவன், கடைசி மூன்று வருடம் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர். உண்மையில் எது தொல்லை என்று சொல்கிறேன்.

டாங்கி லோரி வருவது பெரும்பாலும் நடுராத்திரிக்கு மேல். பகலில் கார்க் கூட்டத்தில் லோரியைத் திருப்ப முடியாது. ரிவர்ஸ் போட்டால் பீப் சத்தம், பிறகு இரும்பு மூடியைத் தூக்கிப் போடும் சத்தம், பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் எண்ணெய் இறங்கும். தொட்டிக்குள் எண்ணெய் இறங்க இறங்க, அதே அளவு ஆவி வெளியே வர வேண்டும் அல்லவா? அந்த ஆவியை இன்னொரு குழாய் வழியாக லோரிக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருந்தால், அதை ஒழுங்காகப் பூட்டினால், நாற்றம் குறைவு. இல்லையென்றால் ஆவிக் குழாய் வழியாக அப்படியே வெளியே வரும். சுவரோரம் உயரமாக மூன்று நான்கு குழாய் நிற்கும், பார்த்திருப்பீர்கள், அதுதான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது. தாழ்வான இடம் தேடி ஊரும், காற்றில்லாத ராத்திரியில் கால்வாய்க்குள் போய் உட்காரும். அதில் பென்சீன் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் வைத்திருக்கும் பொருள் அது. எப்போதோ ஒரு நாள் காற்றில் வருவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தினமும் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவது வேறு கதை.

பிளானில் ஆவிக் குழாய் எந்த மூலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மூலைவீடு | வெள்ளி, இரவு 9.20

பார்த்தேன். சின்ன வட்டம் நான்கு போட்டிருக்கிறார்கள். தாமான் பக்கம் இல்லை. கால்வாய் ஓரத்தில், லயத்துப் பக்கம்.

கோப்பி_ஓ | வெள்ளி, இரவு 9.31

போன் பேசினால் பம்ப் வெடிக்கும் என்கிறார்களே, அது?

முன்னாள்_பம்ப் | வெள்ளி, இரவு 9.44

ஒன்பது வருடத்தில் ஒரு போனும் வெடிக்கவில்லை. உடம்பில் சேரும் நிலைமின்சாரம்தான் நிஜமான ஆபத்து. எண்ணெய் ஊற்றிக்கொண்டே காருக்குள் ஏறி இறங்காதீர்கள். இழை திசைமாறுகிறது, விடுங்கள்.

மூலைவீடு | சனி, காலை 11.00

ஒரு வரைவு எழுதினேன். திருத்தம் சொல்லுங்கள். மலாயில்தான் கொடுக்க வேண்டும், இங்கே தமிழில் போடுகிறேன்.

"இத்தாமான் குடியிருப்பாளர்களாகிய நாங்கள் மேற்படி திட்டத்தை வன்மையாக எதிர்க்கிறோம். இத்திட்டம் எங்கள் பாதுகாப்பு, ஆரோக்கியம், அமைதி ஆகியவற்றுக்குப் பங்கம் விளைவிக்கும். எங்கள் வீடுகளின் மதிப்பும் குறையும். எனவே மேன்மை தங்கிய தாங்கள் இதனை நிராகரிக்க வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதன் கீழே 200 கையெழுத்து.

பிளான்_ஆபிஸ் | சனி, மதியம் 12.25

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. இந்தக் கடிதத்தை எந்த ஊரில் எந்தத் திட்டத்துக்கும் அனுப்பலாம். கோழிப் பண்ணைக்கும் பொருந்தும். கூட்டத்தில் அதிகாரி கேட்பார்: "வேறு ஏதாவது?" அதோடு கதை முடிந்தது.

200 கையெழுத்து உள்ள ஒரு மனுவைவிட, கடிதம் வந்த ஒன்பது வீட்டுக்காரர்கள் தனித்தனியாக எழுதும் ஒன்பது கடிதத்துக்கு எடை அதிகம். லாட் எண் போடுங்கள். நேரில் பேச விரும்புகிறேன் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு எதிரே என்ன, எத்தனை மீட்டர், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். கடிதம் வந்தும் எழுதாமல் விட்டால், முடிவு வந்த பிறகு அப்பீல் போர்டுக்கும் போக முடியாது. 23-ஆவது பிரிவு அந்த வழியை விண்ணப்பதாரருக்கும், ஆட்சேபம் எழுதிக் கொடுத்த பக்கத்து நில உரிமையாளருக்கும்தான் தருகிறது. ஒரு மாதத்துக்குள் போக வேண்டும்.

வீட்டு விலை குறையும் என்பதை எடுத்துவிடுங்கள். விற்கிற நோக்கத்தில் நிற்கிறீர்கள் என்று தோன்றும். அந்த லாட் இன்னமும் விவசாய நிலம்தானா என்று நில அலுவலகத்தில் காசு கட்டித் தேடிப் பாருங்கள். விவசாயம் என்றால், வகையை மாற்ற நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவில் தனி விண்ணப்பம் வேண்டும். அது மாநில அரசின் கையில் இருக்கிறது. ஒய்.பி.யை (சட்டமன்ற உறுப்பினரை)ப் பார்ப்பதாக இருந்தால் அதற்காகப் பாருங்கள். 'ஏதாவது செய்யுங்கள் ஒய்.பி.' என்று போய் நின்றால் படம் பிடித்து முகநூலில் போடுவதோடு சரி.

ஓய்வுபெற்ற_டீச்சர் | ஞாயிறு, மாலை 5.10

எல்லாருக்கும் வணக்கம். நான் நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 27 வருடம் இருந்தவள். பள்ளிக் கேட் அந்த முச்சந்தியில்தான் இருக்கிறது என்பதை இதுவரை யாரும் எழுதவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

இன்று காலையில் கேட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கார்டு அண்ணன் கோப்பி வாங்கிக் கொடுத்தார். 6.45-லிருந்து 7.25 வரை எண்ணினேன். நடந்தும் சைக்கிளிலும் வந்த பிள்ளைகள் 38. மோட்டாரில் அப்பா அம்மா கொண்டுவந்து விட்டது 61. அதே நேரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி 9, கல் லோரி 4. ஒரு லோரி வந்தால் பிள்ளைகள் சாலை ஓரத்துப் புல்லுக்குள் இறங்கி நிற்கிறார்கள், அவர்களுக்கே பழகிவிட்டது. நிலையத்தின் நுழைவாயில் இந்த முச்சந்தியிலிருந்து எவ்வளவு தூரம்? அங்கே திரும்பும் லோரி பிள்ளைகள் நடக்கும் ஓரத்தில்தானே திரும்ப வேண்டும்?

மூலைவீடு | ஞாயிறு, மாலை 5.48

டீச்சர், பிளான்படி 44 மீட்டர். உங்கள் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற_டீச்சர் | ஞாயிறு, மாலை 6.00

எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் எண்ணிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். திங்கள், செவ்வாயும் உட்காரப் போகிறேன். வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தனியாக எழுதட்டும். பள்ளி நிலம் யார் பெயரில் என்று மட்டும் தலைமையாசிரியரைக் கேட்காதீர்கள், பாவம், அதற்கும் அதே பதில்தான்.

கோப்பி_ஓ | ஞாயிறு, இரவு 8.15

சரி, கொஞ்சம் சீரியஸாகவே கேட்கிறேன். என் தங்கச்சி மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். பினாங்கு ஃபேக்டரிக்கு விடிகாலை நாலரைக்கு பஸ் ஏற வேண்டும். இந்த நிலையம் வந்தால் இருபது பேருக்காவது வேலை. தோட்டம் மூடியதிலிருந்து இந்த ஊருக்கு என்ன வந்திருக்கிறது? ஒரு பாசார் மாலாம் (இரவுச் சந்தை), ஒரு கைத்தொலைபேசிக் கடை, மூன்று அடகுக் கடை. எது வந்தாலும் எதிர்ப்பு என்றால் ஊர் இப்படியே செத்துப்போகும். மூலைவீட்டு அண்ணன் காரில் வேலைக்குப் போகிறவர், அவருக்கு எண்ணெய் எங்கேயும் கிடைக்கும்.

லயத்துப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8.52

கோப்பி அண்ணே, வேலை எனக்கும் வேண்டும். ஆனால் அந்த ஆவிக் குழாய் ஏன் தாமான் பக்கம் இல்லாமல் எங்கள் பக்கம் போனது என்று யோசித்தீர்களா? தாமானில் கிராண்ட் இருக்கிறது, சத்தம் போடுவார்கள். நாங்கள் போட மாட்டோம் என்று பிளான் வரைந்தவருக்குத் தெரியும்.

தாமான் அண்ணன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் மாற்றித் தரச் சொல்லி மனு எடுத்துக்கொண்டு தாமானில் வீடு வீடாக வந்தோம். எத்தனை பேர் கையெழுத்துப் போட்டீர்கள்? இப்போது உங்கள் சமையலறைக்கு வாடை வரப்போகிறது என்றதும் 'நாம் எல்லாரும்' என்கிறீர்கள்.

கேஎல்_வாசி | ஞாயிறு, இரவு 10.30

ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது, ஆனாலும் இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். தாமான் ரிம்பா கியாரா வழக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். பூங்கா நிலத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டத்தை எதிர்த்துத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்காரர்கள் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் வரை ஜெயித்தார்கள். மாநகர மன்றம் கொடுத்த அனுமதி ரத்தாகிவிட்டது. குடியிருப்பாளர்கள் உறுதியாக நின்றால் முடியும் என்பதற்கு அதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். (கோலாலம்பூருக்குச் சட்டம் வேறு, 1982-இல் வந்தது. அக்தா 172 அங்கே செல்லாது.)

அந்த வழக்கில் இன்னொரு தரப்பும் இருந்தது. அந்த நிலத்தில் நீள வீடுகளில் இருந்தவர்கள் யார்? புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் குடும்பங்கள். 80-களின் தொடக்கத்தில் தோட்டத்தை அரசு எடுத்தபோது தற்காலிகம் என்று சொல்லி அங்கே வைத்தார்கள். அந்தத் திட்டத்துக்குள் அவர்களுக்கு நிரந்தர வீடும் இருந்தது. திட்டம் ரத்தானபோது அந்த வீடும் அதோடு போனது. தாமான்காரர்கள் பூங்கா கேட்டது தப்பில்லை. நான் அதே பகுதியில் வாடகைக்கு இருந்தவன்தான், பூங்காவில் நடந்திருக்கிறேன். ஆனால் ஜெயித்த அன்று எல்லார் வீட்டிலும் கொண்டாட்டம் இல்லை. லயத்துத் தம்பி சொல்வதைப் படித்ததும் அது ஞாபகத்துக்கு வந்தது.

மூலைவீடு | செவ்வாய், இரவு 9.05

இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. தண்ணீர்க் குழாய் மனு விஷயம். நான் அன்று கையெழுத்துப் போடவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, கிரில் பூட்டியிருந்தது, திறக்க அலுப்பு. ஜன்னல் வழியாக 'அப்புறம் வாங்க' என்றேன்.

நேற்று மாலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். பதினான்கு வருடமாக எதிரே குடியிருக்கிறேன், கால்வாயைத் தாண்டியது இதுதான் மூன்றாவது முறை. ஒன்பதாம் எண் வீட்டில் ஒரு பாட்டி. வீட்டுப் பலகைச் சுவரில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கறுப்பாக ஒரு கோடு. என்ன பாட்டி என்றால், "அது தண்ணி நின்ன கோடு. சுண்ணாம்பு அடிச்சாலும் போவாதுய்யா." மழை பலமாகப் பெய்தால் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் அந்தக் கால்வாயில்தான் வருகிறது. இப்போது மேட்டில் புல்லும் மண்ணும் இருக்கிறது, பாதியை அது குடித்துவிடும். சிமெண்ட் போட்ட பிறகு எங்கே போகும்? இதை நான் வரைவில் எழுதவே இல்லை, ஏனென்றால் என் வீடு மேட்டுப் பக்கம்.

ஆவிக் குழாயிலிருந்து அவர் அடுப்படிக்கு 17 மீட்டர் 40.

அதை முதல் காரணமாக வைத்து என் கடிதத்தை மாற்றி எழுதிவிட்டேன். இரண்டாவது டீச்சரின் மூன்று நாள் எண்ணிக்கை. சமையலறை ஜன்னலைக் கடைசியில் போட்டிருக்கிறேன்.

முன்னாள்_பம்ப் | செவ்வாய், இரவு 9.40

நல்லது. அதோடு இதையும் சேருங்கள். நிலையத்துத் தளத்தில் சிந்தும் எண்ணெய் மழையோடு கலந்து ஒரு பிரிப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். எண்ணெய் மேலே தங்கும், தண்ணீர் மட்டும் கால்வாய்க்குப் போகும். அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் எல்லாம் கால்வாய்க்குத்தான். நான் பார்த்த ஓரிடத்தில் மூடியைத் திறக்கவே ஆளில்லை. தொட்டி எங்கே, கொள்ளளவு என்ன, கார் கழுவும் தண்ணீரும் அதிலேயே வருமா என்று கேள்வியாகவே எழுதுங்கள்.

இரண்டாவது_வரிசை | செவ்வாய், இரவு 10.02

இப்படிக் கேள்வி கேட்டால், "சரி, குழாயை மாற்றுகிறோம், சுவர் கட்டுகிறோம்" என்று சொல்லி அனுமதி வாங்கிவிடுவார்கள். நமக்கு நிலையமே வேண்டாம். அதை மட்டும் சொல்வோம்.

கோப்பி_ஓ | செவ்வாய், இரவு 10.10

எனக்கு நிலையம் வேண்டும், குழாய் அந்தப் பக்கம் வேண்டாம், லோரிப் பாதை வேண்டாம், நடுராத்திரி டாங்கி வேண்டாம். 16 பம்ப் எதற்கு, ஆறு போதாதா? சாலையின் அந்தக் கோடியில் ரப்பருக்குப் புகை போட்ட பழைய புகைவீடு இருந்த இடம் காலியாகத்தானே கிடக்கிறது? சுற்றிலும் செம்பனை, ஒரு வீடு கிடையாது. அங்கே கட்டினால் நானே ரிப்பன் வெட்டப் போவேன்.

பிளான்_ஆபிஸ் | புதன், காலை 7.35

இரண்டையும் எழுதலாம். இந்த லாட் பொருத்தமில்லை, நிராகரிக்க வேண்டும் என்பது முதலில். அப்படியும் அனுமதி கொடுப்பதாக இருந்தால் இன்னின்ன நிபந்தனைகள் வேண்டும் என்பது பிறகு. வக்கீல்கள் தினமும் செய்வதுதான். ஆனால் இரண்டாவது வரிசை அக்கா சொல்வதிலும் உண்மை இருக்கிறது, நிபந்தனைப் பட்டியல் நீண்டுவிட்டால் முதல் கோரிக்கை மங்கிவிடும். மூன்றே நிபந்தனை போடுங்கள். கோப்பி அண்ணன் கையில் மாற்று இடமே இருக்கிறது, அதையும் சேருங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்கிறவரைவிட, அங்கே கட்டு என்று கைகாட்டுகிறவரை மஜ்லிஸ் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். என் அனுபவத்தில் அப்படித்தான்.

லயத்துக்காரர்களும் எழுதுங்கள். சட்டப்படி உங்களைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

லயத்துப்பிள்ளை | அடுத்த திங்கள், மாலை 4.20

இன்று காலை மஜ்லிஸ் கௌண்டரில் கொடுத்தோம். தாமானிலிருந்து எட்டு, பள்ளியிலிருந்து இரண்டு, லயத்திலிருந்து பதினான்கு. தாமானில் ஒரு வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், பிடிக்க முடியவில்லை. கௌண்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாகப் பார்த்து ரசீது முத்திரை குத்தினார். எங்கள் கடிதம் வந்ததும், "நம்போர் லோட்?" (லாட் எண்?) என்றார். இல்லை என்றோம். அந்தக் கட்டத்தை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒன்பதாம் எண் பாட்டி விடவில்லை. தமிழில் எழுது என்றார், நான் மலாயில் எழுதினேன்: 'கால்வாய்க்கு அந்தப் பக்கம், லயம், வீடு 9, 1974 முதல்.' அந்தப் பெண் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். அப்புறம் அதிலும் முத்திரை குத்தினார். மற்ற பதின்மூன்றிலும் அதே மாதிரி எழுதிக் கொடுத்தோம்.

மூலைவீடு | பத்து நாள் கழித்து, இரவு 8.00

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை 9.30, மஜ்லிஸ் மூன்றாம் மாடி. கடிதம் தாமான்காரர்களுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. பிளான்_ஆபிஸிடம் கேட்டேன், எனக்குக் கொடுக்கும் நேரத்தில் சாட்சி மாதிரி ஒருவரைப் பேசவிடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார், கிடைக்கும் என்று உறுதி சொல்லவில்லை. பாட்டி வருகிறார். சுவர்க் கோட்டைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்திருக்கிறேன், அளவு நாடாவை ஒட்டி வைத்து.

டீச்சர் வேன் ஏற்பாடு செய்திருக்கிறார். கோயில் முன்னால் 8.15. கோப்பி_ஓ, வருகிறீர்களா? புகைவீட்டு இடத்தைப் பற்றி நீங்கள் பேசினால்தான் சரியாக இருக்கும்.

கோப்பி_ஓ | அன்றே, இரவு 8.22

வருகிறேன் அண்ணே. வேனில் இடம் பாட்டிக்கு இருக்கட்டும், நான் மோட்டாரில் வருகிறேன். ஆனால் ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும், டாங்கியில் எண்ணெய் இல்லை, 11 கிலோமீட்டர் போய் ஊற்றிவிட்டு வர வேண்டும்.